வெடிப்பலா நிற்கும் இடம்

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாட்களில் வானிலைச் செய்தியைக் கவனிப்பவர்களுக்கு நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி, மாஞ்சோலை என்ற பெயர்கள் பழகியிருக்கும். முந்தைய நாள் அதிக மழை பெய்த இடங்களின் பட்டியலில் இந்த நான்கும் ஒன்றையொன்று ஒட்டி வரும். திருநெல்வேலி மாவட்டத்தில், மணிமுத்தாறு அணைக்கு மேலே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் மழைமானிகள் அவை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் அவை வெறும் மழைச் செய்திதான். இப்போது அந்தப் பட்டியல் கண்ணில் பட்டாலே ஒரு மரம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

அந்த மரம் வெடிப்பலா. தாவரவியலில் குல்லேனியா எக்ஸரில்லேட்டா என்பார்கள். டுரியான் பழமரத்துக்கு உறவு. நெடுநெடுவென்று வளர்ந்து மழைக்காட்டின் மேல்கூரையைப் பிடித்துக்கொள்ளும். இலையின் அடிப்பக்கம் பொன்னும் செம்பும் கலந்த நிறத்தில் மின்னும். பூக்கள் கிளைகளிலிருந்து நேராகக் கொத்துக் கொத்தாகப் பிதுங்கி வரும். காய் முள்ளுருண்டை, முற்றியதும் வெடித்துத் திறக்கும், பெயர் அதிலிருந்து வந்தது. சிங்கவால் குரங்கு, நீலகிரிக் கருமந்தி, மலையணில், வௌவால் என்று பூவுக்கே அத்தனை போட்டி. காட்டில் வேறு பழம் இல்லாத மாதங்களில் சிங்கவால் குரங்குக்குச் சோறு போடுவது பெரும்பாலும் இந்த மரம்தான். அது எங்கே நிற்கிறது, எங்கே நிற்கலாம் என்று தெரிந்தால் அந்தக் குரங்கு எங்கே பிழைக்கும் என்பதும் ஓரளவு தெரியும். அதனால்தான் எங்கள் ஆய்வுக் குழு இந்த மரத்தைத் தேர்ந்தெடுத்தது.

என் வேலை கணினியில். ஒரு மரம் இதுவரை பார்க்கப்பட்ட இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை ஒருபக்கம். மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதற்குமான தட்பவெப்பத் தரவு இன்னொரு பக்கம். இரண்டையும் பொருத்தி, இதே மாதிரி வெப்பமும் மழையும் உள்ள மற்ற இடங்கள் எவை என்று வரைபடம் போட வேண்டும். பள்ளியில் திணை பற்றிப் படித்தபோது நிலமும் பொழுதும் முதற்பொருள், மரமும் விலங்கும் கருப்பொருள் என்று மனப்பாடம் செய்தது நினைவிருக்கிறது. முதற்பொருளைக் கொடுத்தால் கருப்பொருளைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் என் வேலையின் கேள்வி. முடியும் என்று முழுதாக நம்பித்தான் ஆரம்பித்தேன்.

இந்தத் துறையில் எல்லோரும் முதலில் எடுப்பது வேர்ல்டுகிளிம் என்ற தரவு. உலகத்தின் நிலப்பரப்பு முழுவதையும் சுமார் ஒரு கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, 1970 முதல் 2000 வரையிலான சராசரி வெப்பநிலை, மழை ஆகியவற்றிலிருந்து கணக்கிட்ட 19 மாறிகளை ஒவ்வொரு கட்டத்துக்கும் தருகிறது. பயோ 1 என்றால் ஆண்டுச் சராசரி வெப்பநிலை, பயோ 12 ஆண்டு மழை, பயோ 17 மிக வறண்ட மூன்று மாதங்களின் மழை, இப்படி. மென்பொருள் மேக்ஸென்ட். 2006-ல் ஸ்டீவன் பிலிப்ஸும் கூட்டாளிகளும் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. மரம் இல்லாத இடங்களின் பதிவு அதற்குத் தேவையில்லை; இருக்கும் இடங்களை மட்டும் கொடுத்தால் போதும். முழுப் பரப்பிலிருந்தும் தானாகவே ஆயிரக்கணக்கான பின்னணிப் புள்ளிகளை எடுத்துக்கொண்டு, மரம் நிற்கும் இடத்தின் தட்பவெப்பம் பொதுவான தட்பவெப்பத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று பார்க்கும். கடைசியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குள் ஒரு மதிப்பெண்.

மரம் இருக்கும் இடங்களை ஜிபிஐஎஃப் என்ற உலகப் பல்லுயிர்த் தரவுத்தளத்திலிருந்தும் பழைய உலர்தாவரத் தொகுப்புகளிலிருந்தும் சேகரித்தேன். அதைச் சுத்தம் செய்யவே ஒன்றரை மாதம் ஆனது. ஒரு பதிவு ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே கிடந்தது. யாரோ அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றி எழுதியிருக்கிறார்கள். சில பதிவுகள் ஊரின் நடுவில், பேருந்து நிலையத்தின் பக்கத்தில் விழுந்தன. நூறு வருடத்துக்கு முந்தைய சீட்டுகளில் 'தின்னவேலி மலைகள்' என்று மட்டும் எழுதியிருக்கும்; பின்னாளில் அதைக் கணினியில் ஏற்றியவர் ஊரின் மையத்தையே அந்த மரத்தின் இடமாக வைத்துவிட்டார். பெயர்க் குழப்பம் இன்னும் பெரியது. குல்லேனியா எக்ஸெல்சா என்ற பழைய பெயரில் நம் மலை மரமும் இலங்கையின் ஈரவலயத்து மரமும் கலந்து கிடந்தன. அவை வேறு இனங்கள் என்று பிற்காலத்தில் பிரித்துவிட்டார்கள். கவனிக்காமல் சேர்த்திருந்தால் சிங்கராஜக் காட்டின் தட்பவெப்பமும் நம் மரத்தின் கணக்கில் ஏறியிருக்கும்.

சரி, எல்லாவற்றையும் கழித்து, நூற்றுச் சொச்சம் புள்ளிகளோடு முதல் வரைபடம் போட்டேன். பின்னணியாக இந்தியா முழுவதையும் எடுத்தேன். கணிப்பு எவ்வளவு நல்லது என்று சொல்லும் ஏயுசி மதிப்பு ஒன்றுக்கு மிக அருகில் வந்தது. வாழ்க்கையில் அப்படியொரு மதிப்பெண்ணை நான் பார்த்ததில்லை. அன்று மாலை குழுவில் எல்லோருக்கும் டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தேன்.

குழுவின் மூத்தவர் வரைபடத்தைச் சிறிது நேரம் பார்த்தார். "ராஜஸ்தான்ல இந்த மரம் இருக்காதுன்னு சொல்றதுக்கு மாடல் எதுக்கும்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான். எனக்குப் புரிந்தது. தார்ப் பாலைவனத்தையும் கங்கைச் சமவெளியையும் பின்னணியில் சேர்த்துக்கொண்டால், மழைக்காட்டு மரத்தை அவற்றிலிருந்து பிரிப்பது எந்தக் கணக்குக்கும் சுலபம். மேற்குத் தொடர்ச்சி மலைக்குள்ளேயே, இந்தச் சரிவா அந்தச் சரிவா என்று கேட்டால்தான் சோதனை. பின்னணியை மலைத்தொடருக்குள் சுருக்கியதும் மதிப்பெண் இறங்கியது. அகத்தியமலைப் பக்கத்துப் புள்ளிகளை மட்டும் வைத்துப் பழக்கி, பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய ஆனைமலைப் புள்ளிகளில் சோதித்தபோது இன்னும் இறங்கியது. ஆனால் அந்த இறங்கிய எண்ணைத்தான் என்னால் நம்ப முடிந்தது.

அப்புறம் களத்துக்குப் போனோம்.

எங்கள் களம், 1988-ல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். மணிமுத்தாறு சோதனைச் சாவடியைத் தாண்டினால் முதலில் முள்காடு. கொண்டையூசி வளைவுகளில் ஏற ஏறக் காற்றின் வாசனையே மாறும். பாளையங்கோட்டையில் ஆண்டு முழுக்கப் பெய்தாலும் மழை ஆயிரம் மில்லிமீட்டரைத் தொடாது. அங்கிருந்து நேர்க்கோட்டில் நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் காக்காச்சியில் மூவாயிரத்துக்கு மேல். கணினித் திரையில் இந்த இரண்டு இடத்துக்கும் நடுவே நிறம் மெல்ல மெல்ல மாறும், ஓவியத்தில் தண்ணீர் தொட்டுக் கரைத்தது மாதிரி. ஜீப்பில் போகும்போது அப்படி இல்லை. ஒரு வளைவில் வெயில், அடுத்த வளைவில் சாரல். காரணம் எளிது. மழைமானிகள் பெரும்பாலும் அணைகளிலும் சமவெளி ஊர்களிலும் இருக்கின்றன. மேல்மலையில் எஸ்டேட் மானிகள் போலச் சில மட்டும். நடுவில் உள்ள சரிவுகளின் மழையெல்லாம் கணக்குப் போட்டு நிரப்பியது. தரவுத்தளத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண் இருப்பதால், ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ அளந்தார்கள் என்று அதுவரை ஏதோ ஒரு நினைப்பில் இருந்திருக்கிறேன்.

எங்களோடு வந்த வாட்சர் அண்ணாச்சி காணிக்காரர் என்ற பழங்குடியைச் சேர்ந்தவர். ஐம்பது வயதுக்கு மேல். எங்கள் கையில் ஜிபிஎஸ், அவர் கையில் வெட்டரிவாள். முதல் நாள் என்னை மேடம் என்று கூப்பிட்டார், அட்டைக்கடியில் நான் அலறிய பிறகு அம்மா ஆகிவிட்டேன். உகந்த இடம் என்று வரைபடம் அடர் பச்சையில் காட்டிய ஒரு கட்டத்தைத் தேடி அரை நாள் நடந்தோம். போய்ச் சேர்ந்தால் புல்மேடு. நடுவில் குட்டையாக, ஒரே பக்கமாகச் சாய்ந்த நாலைந்து செடிகள். வெடிப்பலா ஒன்றுகூட இல்லை.

"என்ன அண்ணாச்சி, வெட்டிட்டாங்களா?"

"இங்க எப்பம்மா இருந்துச்சு, வெட்டுறதுக்கு? இது காத்து மேடுல்லா. ஆனி ஆடியில ஆளே நிக்க முடியாது. இவ்வளவு பெரிய மரம் எப்படி நிக்கும்?"

அவர் கையைக் காட்டிய திசையில், முகட்டுக்கு அந்தப் பக்கம், முந்நூறு மீட்டர் இறங்கினால் பள்ளத்தாக்கு. அதில் வெடிப்பலா வரிசை வரிசையாக நின்றது. பக்கத்திலேயே நாங்கு மரமும் பாலி மரமும். இரண்டு இடத்துக்கும் ஒரே கட்டம், ஒரே மதிப்பெண். வேர்ல்டுகிளிமில் காற்றின் வேகத்துக்கும் ஒரு அடுக்கு உண்டு. ஆனால் முகட்டின் இந்தப் பக்கம் ஒரு காற்றும் அந்தப் பக்கம் ஒரு காற்றும் இருப்பதை ஒரு கிலோமீட்டர் சராசரி எப்படிச் சொல்லும்? வெப்பநிலையும் அப்படித்தான். இந்த மலையில் ஒரே கட்டத்துக்குள் 400 மீட்டர் உயர வித்தியாசம் வருவது சாதாரணம். நூறு மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 0.6 டிகிரி குறையும் என்று வைத்தால், ஒரு கட்டத்தின் அடிக்கும் நுனிக்கும் இரண்டரை டிகிரி வித்தியாசம். இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் வெப்பம் இரண்டு டிகிரி கூடினால் மரம் என்ன ஆகும் என்று கணிக்க உட்கார்ந்திருந்த எனக்கு, கட்டத்துக்குள்ளேயே இரண்டரை டிகிரி ஒளிந்திருப்பது தெரியாமல் போயிருந்தது.

அன்று ராத்திரி முகாமில் மடிக்கணினியைத் திறந்து என் பழைய புள்ளிகளை அண்ணாச்சியிடம் காட்டினேன். தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர் வந்து குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் வரைபடத்தைப் புரிந்துகொள்ளச் சிரமப்பட்டார். மணிமுத்தாறு எது, காக்காச்சி எது என்று சொன்னதும் பிடித்துக்கொண்டார்.

"இது பூரா ரோட்டு ஓரம்லாம்மா. உள்ள இருக்கிற மரத்தையெல்லாம் விட்டுட்டியளே."

பார்த்தால் உண்மை. மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, அதற்கப்பால் குதிரைவெட்டி என்று போகும் பாதையை என் புள்ளிகளை இணைத்தே வரைந்துவிடலாம். தாவரவியலாளர்கள் நூறு ஆண்டுகளாக அந்தப் பாதையில்தான் வந்து போயிருக்கிறார்கள். மேக்ஸென்ட் கற்றுக்கொண்டது வெடிப்பலாவுக்குப் பிடித்த தட்பவெப்பத்தைப் பாதி, மனிதர்கள் ஜீப்பில் போக முடிந்த இடங்களின் தட்பவெப்பத்தைப் பாதி. இதற்கு ஒரு வழி உண்டு: பின்னணிப் புள்ளிகளையும் பாதை ஓரத்தில் அதிகமாக எடுத்தால் அந்தச் சாய்வு இரண்டு பக்கமும் சமமாகிக் கழிந்துவிடும். திரும்பி வந்ததும் அதைச் செய்தேன். ஆனால் அதைவிட நல்ல வழி, பாதையை விட்டு இறங்கி நடப்பது. அடுத்த இரண்டு பருவங்களும் அதைத்தான் செய்தோம். மரம் இருந்தால் ஒரு புள்ளி. போய்ப் பார்த்து மரம் இல்லை என்றால் அதற்கும் ஒரு புள்ளி. இல்லை என்று எழுதிய அந்த நோட்டுப் புத்தகம்தான் இன்றுவரை என் கையில் இருக்கும் மதிப்பு மிக்க தரவு. எந்தத் தரவுத்தளத்திலும் அதைப் பார்க்க முடியாது, ஏனென்றால் இல்லாத மரத்தை யாரும் பறித்து உலர்த்தி ஒட்டி வைப்பதில்லை.

இன்னொரு தவறு தரவுக்குள்ளேயே இருந்தது. ஒரு வரைபடத்தில் மலையின் முகட்டை ஒட்டி ஒரு கோடு விழுந்தது. கோட்டுக்கு மேற்கே ஒரு நிறம், கிழக்கே வேறு நிறம், நடுவே எந்தப் படிநிலையும் இல்லை. காட்டில் அப்படி ஒரு கோடு கிடையாது. நான் அதைக் கடந்து நடந்திருக்கிறேன். இரண்டு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகு பயோ 8 என்ற மாறியில் வந்து நின்றேன். மிக அதிக மழை பெய்யும் மூன்று மாதங்களின் சராசரி வெப்பநிலை அது. கேரளச் சரிவில் அந்த மூன்று மாதங்கள் ஜூன், ஜூலை, ஆகஸ்ட். நம் சரிவில் அக்டோபர், நவம்பர், டிசம்பர். இரண்டு மழையும் வாங்கும் மலையில், ஒரு கட்டத்தில் தென்மேற்கு ஒரு மில்லிமீட்டர் அதிகம், அடுத்த கட்டத்தில் வடகிழக்கு ஒரு மில்லிமீட்டர் அதிகம் என்றாலே கணக்கு ஆறாம் மாதத்திலிருந்து பத்தாம் மாதத்துக்குத் தாவிவிடுகிறது. மரத்துக்கு அந்த இரண்டு கட்டத்துக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. பயோ 8, 9, 18, 19 நான்கிலும் இந்தச் சிக்கல் உண்டு என்பதால் பலர் அவற்றை முதலிலேயே எடுத்துவிடுகிறார்கள். நான் 19 மாறிகளையும் கொடுத்துவிட்டு, வேண்டியதை மென்பொருளே பொறுக்கிக்கொள்ளும் என்று விட்டிருந்தேன். இரண்டு பருவமழையையும் பார்த்து வளர்ந்த திருநெல்வேலிக்காரி நான். இதை முதல் நாளே யோசித்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு மாறிகளை மரத்தின் பக்கத்திலிருந்து யோசிக்க ஆரம்பித்தேன். அப்போது கைகொடுத்தது ஒரு பழைய வேலை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ழான்-பியர் பாஸ்கால் 1982-ல் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயிர்க்காலநிலை வரைபடங்களைப் போட்டிருந்தார். கணினி மாதிரிகள் இன்று இருக்கிற அளவில் வருவதற்கு முன்பு. அவர் முக்கியமாகப் பார்த்தது மூன்று: எவ்வளவு மழை, எவ்வளவு குளிர், வறட்சி எத்தனை மாதம். வறண்ட மாதம் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஒரு மாதத்தின் மழை மில்லிமீட்டரில், அந்த மாதத்தின் சராசரி வெப்பநிலையின் இரு மடங்குக்குக் கீழே போனால் அது வறண்ட மாதம். 25 டிகிரி மாதத்தில் 50 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வறட்சி. அவ்வளவு எளிது.

இந்த ஒன்றை வைத்துப் பார்த்தால் மலைத்தொடர் வேறு மாதிரித் தெரிகிறது. கர்நாடகத்தின் ஆகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, காக்காச்சியைப் போல இரண்டு மடங்கு. ஆனால் அத்தனையும் சில மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி மாதங்கள் நீண்ட வறட்சி. வெடிப்பலா, நாங்கு, பாலி மூன்றும் சேர்ந்து ஆளும் காடு அங்கே இல்லை. தெற்கே வரவர, வடகிழக்கு மழையும் கோடை மழையும் சேர்ந்து வறண்ட மாதங்களைச் சுருக்கிக்கொண்டே வருகின்றன. அகத்தியமலையில் மிகச் சுருக்கம். மரத்துக்கு ஒரு வருடத்தில் எத்தனை மழை என்பதைவிட, எத்தனை நாள் தண்ணீர் இல்லாமல் காத்திருக்க வேண்டும் என்பது பெரிய கேள்வி போலிருக்கிறது. மாத மழைத் தரவிலிருந்து நானே வறண்ட மாதங்களை எண்ணி ஒரு அடுக்கு செய்தேன். அதையும், குளிர் மாதத்தின் குறைந்த வெப்பநிலையையும், சரிவின் திசையையும் சேர்த்து வெறும் நாலைந்து மாறிகளில் போட்ட வரைபடம், 19 மாறிகளில் போட்டதைவிட எங்கள் நோட்டுப் புத்தகத்தோடு நன்றாக ஒத்துப்போனது. அண்ணாச்சியின் காத்து மேட்டை மட்டும் அது அப்போதும் பச்சையாகத்தான் காட்டியது.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு காரியம் நடந்துவிட்டது. அதைச் சொல்லாமல் இந்த வேலையைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் இடைக்கால வரைபடத்தை ஒரு அலுவலகம் கேட்டது. சீரழிந்த காட்டில் கன்று நடும் திட்டம் ஒன்று அவர்களிடம் இருந்தது. வெடிப்பலாவை எங்கே நடலாம் என்று தெரிய வேண்டும். நிறப் படிநிலையைப் புரிந்துகொள்ளச் சிரமமாக இருக்கிறது, ஆம் இல்லை என்று இரண்டே நிறத்தில் கொடுங்கள் என்றார்கள். நான் ஒரு எல்லை மதிப்பை வைத்து வெட்டி, பச்சை, வெள்ளை என்று கொடுத்தேன். கூட இரண்டு பக்கக் குறிப்பும் எழுதினேன். வரைபடம் போய்ச் சேர்ந்தது, குறிப்பு சேரவில்லை. அல்லது சேர்ந்தும் படிக்கப்படவில்லை. பின்னால் ஒரு கூட்டத்தில், 0.7 என்றால் நூற்றுக்கு எழுபது கன்று பிழைக்கும் என்று ஒருவர் விளக்கியதைக் கேட்டேன். எழுந்து அப்படி இல்லை என்று சொன்னேன். பார்த்தார்கள், தலையாட்டினார்கள்.

பச்சைக் கட்டம் ஒன்றில் பழைய வெட்டவெளி இருந்தது. தட்பவெப்பம் உண்மையிலேயே பொருத்தம். சுற்றிலும் இருந்த காட்டில் வெடிப்பலா நின்றது. அங்கே வரிசையாகக் குழி தோண்டி நட்டார்கள். மழைக்காலத்தில் நன்றாகத்தான் இருந்தன. நான் போனது அடுத்த மார்ச்சில். கன்றுகள் குச்சியாக நின்றன. ஒன்றைப் பிடித்து இழுத்தேன், வேரோடு வந்துவிட்டது. வெடிப்பலா பெரிய மரங்களின் நிழலில் முளைத்து, அந்த நிழலிலேயே பல வருடம் காத்திருந்து, மேலே ஒரு கிளை விழுந்து வெளிச்சம் வரும்போது எழும் மரம். கன்றுக்குத் தேவையான தட்பவெப்பம் காட்டின் கூரைக்கு அடியில் இருக்கிற தட்பவெப்பம். என் தரவு சொல்வதோ திறந்தவெளியில் நிழற்பெட்டிக்குள் வைத்து அளக்கும் காற்றின் வெப்பத்தை. இது எனக்குத் தெரியாததல்ல. குறிப்பின் இரண்டாம் பக்கத்தில் எழுதியும் இருந்தேன். ஆனால் இரண்டே நிறத்தில் வரைபடம் கேட்டபோது முடியாது என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அந்தக் கன்றுகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது தொண்டை அடைத்தது. நாற்றுப் பண்ணையில் அவற்றை வளர்த்தவர்கள் பெண்கள், தினக்கூலிக்கு. ஒவ்வொரு விதையையும் காட்டில் பொறுக்கிக் கொண்டுவந்தவர்கள்.

அதற்குப் பிறகு நான் எல்லை மதிப்பு வைத்து வெட்டிய வரைபடத்தை யாருக்கும் கொடுப்பதில்லை. குறிப்பைத் தனிக் காகிதத்தில் எழுதுவதும் இல்லை. வரைபடத்தின் மேலேயே, தலைப்பை விடப் பெரிய எழுத்தில் அச்சிடுகிறேன்: 'ஏற்கெனவே மரம் பார்க்கப்பட்ட இடங்களின் தட்பவெப்பத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பது மட்டும் இதில் உள்ளது. மண், காற்று, நிழல், விதை வரும் வழி இதில் இல்லை.' அசிங்கமாக இருக்கிறது என்று சொன்னவர்கள் உண்டு. இருக்கட்டும்.

எதிர்காலத்தைப் பற்றியும் கேட்பார்கள். 2070-ல் வெடிப்பலா எங்கே இருக்கும்? பசுமைக்குடில் வாயு குறையும் உலகம், கூடும் உலகம் என்று பல பாதைகளுக்கும் பல காலநிலை மாதிரிகளின் கணிப்புகளை எடுத்து அதே சூத்திரத்தில் போட்டால் வரைபடம் வந்துவிடும். ஒரு பொத்தானை அழுத்தும் வேலை. வெப்பம் எல்லா மாதிரியிலும் கூடுகிறது; அதில் ஒற்றுமை இருக்கிறது. மழையில் ஒற்றுமை குறைவு, அதுவும் வடகிழக்குப் பருவமழை இந்த மலையில் என்ன ஆகும் என்பதில். இந்த மரத்தின் எல்லையைப் போடுவதே வறண்ட மாதங்களின் எண்ணிக்கை என்று சொல்லிவிட்டு, அந்த எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் மழையில் மாதிரிகள் ஆளுக்கொரு பக்கம் போகும்போது ஒரே ஒரு வரைபடத்தை வெளியிட என் கை வருவதில்லை. எல்லா மாதிரிகளையும் பக்கம் பக்கமாக வைத்துத்தான் காட்டுகிறேன். இன்றைய மலையில் எங்குமே இல்லாத தட்பவெப்பம் வரப்போகும் கட்டங்களைச் சாம்பல் நிறத்தில் தனியாக அடைத்துவிடுகிறேன். அங்கே சூத்திரம் சொல்வது ஊகம்.

சூடு கூடினால் மரம் மேலே ஏறும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இமயமலையில் ஏற இடம் இருக்கிறது. அகத்தியமலைச் சிகரமே 1,868 மீட்டர்தான். வெடிப்பலாக் காடு இப்போதே ஆயிரத்து முந்நூறு, நானூறு வரை நிற்கிறது. அதற்கு மேல் இருக்கும் முகடுகளில் பெரும்பாலானவை காத்து மேடுகள். அப்புறம் யார் விதையை மேலே கொண்டுபோவது? கனமான விதை. காற்றில் பறக்காது. மந்தியோ மற்ற விலங்கோ தூக்கிப் போட்டால்தான் உண்டு. ஒரு மரம் காய்க்க எத்தனை பத்தாண்டு வேண்டுமோ அத்தனை பத்தாண்டுக்கு ஒருமுறைதான் காடு ஒரு அடி எடுத்து வைக்க முடியும். இன்று நாம் பார்க்கும் முதிர்ந்த மரங்கள் வேர்ல்டுகிளிமின் முப்பது ஆண்டுகளுக்கு மிகவும் முன்பே முளைத்தவை. அவை நிற்பது, அவை கன்றாக இருந்த காலத்தின் மழைக்குச் சாட்சி. இன்றைய மழை அங்கே அவற்றுக்குப் போதுமா என்று தெரிய அண்ணாந்து பார்த்துப் பயனில்லை, குனிந்து கன்றுகளை எண்ண வேண்டும்.

இப்போது அதைத்தான் செய்கிறோம். ஓடை ஓரத்திலும் சரிவிலும் முகட்டை ஒட்டியும் சின்னச் சின்னச் சதுரங்களைக் கயிறு கட்டிப் பிரித்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு வெடிப்பலாக் கன்றுக்கும் அலுமினியத் தகடில் எண் அடித்துக் கட்டியிருக்கிறோம். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் சின்ன வெப்பமானிகளையும் வைத்திருக்கிறோம். அரை மணிக்கு ஒருமுறை அது தானாகப் பதிவு செய்யும். யானை இரண்டை மிதித்துவிட்டது. ஒன்றைக் குரங்கு கழற்றிக்கொண்டு போனது.

தேயிலையின் கேள்வியும் வரும். மாஞ்சோலையிலிருந்து ஊத்து வரை உள்ள தேயிலைத் தோட்டங்கள், 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த நிலம். குத்தகை 2028-ல் முடிகிறது. என் வரைபடத்தில் அந்தத் தோட்டங்கள் முழுவதும் அடர் பச்சை. ஆச்சரியமில்லை, காட்டை அழித்துத்தான் தேயிலை வந்தது. தட்பவெப்பம் இடம் மாறவில்லை. அங்கே மறுபடி காடு வருமா என்று என்னிடம் கேட்கிறார்கள். தட்பவெப்பம் தடையில்லை என்று மட்டும் சொல்கிறேன். அந்த லயன் வீடுகளில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் எங்கே போவார்கள் என்பதற்கு என் மென்பொருளில் ஒரு மாறியும் இல்லை, அதைப் பற்றிப் பேசாமல் பச்சையை மட்டும் நீட்டுவது சரியாகவும் படவில்லை.

போன மாதம் அந்தக் கன்றுகள் காய்ந்த வெட்டவெளிக்குத் திரும்பப் போனோம். குழிகளின் வரிசை இன்னும் தெரிகிறது. நடுவே யாரும் நடாத வட்டக்கண்ணி தலைக்கு மேல் வளர்ந்து, அகன்ற இலைகளை விரித்து நிற்கிறது. அடியில் மண் ஈரமாக இருந்தது. அண்ணாச்சி காலால் சருகைத் தள்ளிப் பார்த்தார். "இப்பம் வச்சா நிக்கும்மா" என்றார். வெப்பமானி ஒன்றை வட்டக்கண்ணி நிழலிலும் இன்னொன்றைப் பத்தடி தள்ளி வெயிலிலும் வைத்துவிட்டு, பையிலிருந்த பன்னிரண்டு கன்றுகளை எடுத்தோம். ஏழை நிழலில் நட்டோம். மீதி ஐந்தை வெயிலில் வைக்கலாம், ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும் என்றேன். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டும் நிழலில்தான் இருக்கின்றன.